ஆட்டம் நின்றது, பழி யார் மீது?



உங்கள் இல்லத்தில் கல்லூரியில் பயிலும் மகன் ஒருவன் இருக்கிறான். கல்லூரிக் கால்பந்தாட்ட அணியில் அவன் இடம் பெற்றிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் நடைபெறவிருக்கும் ஆட்டத்திற்காக இரவில் காலணிகளைத் துடைத்து வைக்கிறான். அவ்வேளையில் தொலைபேசி ஒலிக்கிறது. அணியில் நால்வருக்குக் காய்ச்சல், ஆட்டம் இல்லை. உடனே வீட்டில் எழும் முதல் வினா எது? “அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?” என்பதா? நம் இல்லங்களை நாம் அறியமாட்டோமா! “யாரால் வந்தது இது?” என்பதே முதலில் எழும் வினா.

ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர்களில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. வாணியம்பாடியில் 1919இல் தோன்றிய இஸ்லாமியக் கல்லூரியும், திருப்பத்தூரில் 1951இல் தோன்றிய தூய நெஞ்சக் கல்லூரியும் தலைமுறை தலைமுறையாக இப்பகுதி இளைஞர்களை வளர்த்து வருகின்றன. சமவெளிப் பிள்ளைகளோடு மலைமேலுள்ள புதூர்நாட்டிலிருந்தும் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்தும் மலையாளி எனப்படும் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகளும் கீழே இறங்கி வந்து, விடுதிகளில் தங்கிப் படிக்கின்றனர். நாள்தோறும் வீடு திரும்பும் மாணவனும் விடுதி மாணவனும் ஒரே பந்தை உதைக்கிறார்கள். ஒரே குடுவையில் நீர் அருந்துகிறார்கள். காய்ச்சல் என்று வந்துவிட்டால் மட்டும், சுட்டுவிரல் எந்தத் திசையில் நீளும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? “விடுதிப் பையன் கொண்டு வந்தான்; மலையிலிருந்து வந்தவன் கொண்டு வந்தான்” என்று கூறிவிடுவது எத்துணை எளிது!

ஆட்டம் நின்றால் இழப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கல்லூரிகளுக்கிடையேயான ஓர் ஆட்டத்தில் நன்றாக ஆடினால்தான் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகலாம். அங்கே கிடைக்கும் சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்கோ அரசுப் பணிக்கோ துணையாகலாம். வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு வாசல். அந்த வாசல் ஓர் இரவில் அடைபடும்போது உள்ளம் கொதிப்பது இயல்பே. அக்கொதிப்பு யார் தலையில் இறங்குகிறது என்பதையே நாம் இங்கு பார்க்கப் போகிறோம்.

படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் இதில் நம்மைவிட நிதானமானவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கல்லூரி அணிகளின் ஆட்டம் என்றால் ஊரே திரளும் திருவிழா. (அவர்கள் கால்பந்தாட்டம் என்று அழைப்பது நாம் ஆடும் ஆட்டமன்று; நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, ஒருவரையொருவர் மோதித் தள்ளும் முரட்டு ஆட்டம் அது.) தென் கரோலினா மாநிலத்தின் கிளெம்சன் பல்கலைக்கழக அணி, புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணியுடன் மோதுவதற்காக டலஹாசி நகருக்கு விமானத்தில் சென்று இறங்கியது. அவ்வணியின் ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்த வாரத்தில் நோய்க்குறிகள் தென்பட்டிருந்தன. இரு முறை சோதித்தும் கொரோனா இல்லை என்றே முடிவு வந்தமையால், அவரும் அணியோடு பயணம் செய்தார். வெள்ளிக்கிழமை எடுத்த சோதனையிலோ தொற்று உறுதியாயிற்று! மறுநாள் காலை இரு தரப்பு மருத்துவர்களும் பேசினர், உடன்பாடு எட்டவில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரமே இருக்கையில் அது கைவிடப்பட்டது.

பிறகு தொடங்கியது பழிப்படலம். கிளெம்சன் அணியின் பயிற்றுநர் டாபோ ஸ்வின்னி, கொரோனா ஒரு சாக்கு மட்டுமே என்றும், எதிரணி நிர்வாகமே ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டது என்றும் வெளிப்படையாகக் கூறினார். தாங்கள் வகுக்கப்பட்ட நெறிகள் அனைத்தையும் பின்பற்றினோம் என்பது அவர் வாதம். இனி எங்களோடு ஆட விரும்பினால் எங்கள் ஊருக்கு வரட்டும், அல்லது எங்கள் பயணச் செலவைத் தரட்டும் என்றும் சொன்னார். புளோரிடா அணியின் பயிற்றுநர் மைக் நோர்வெல்லோ, பயிற்றுநர்கள் மருத்துவர்கள் அல்லர். இத்தகைய முடிவு மருத்துவ ஆலோசகர்களுக்குரியது என்று பதிலளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தாமே அந்நோய்க்கு ஆளாகி ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டவர் அவர்.

இருவர் கூற்றிலும் ஓரளவு நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நெறிப்படி இரு முறை சோதித்தவர்களைக் குற்றம் சொல்வது கடினம். நோய்க்குறி உள்ள ஒருவரை விமானத்தில் ஏற்றியிருக்க வேண்டுமா என்று கேட்பதும் தவறன்று. ஆனால் சற்றே உற்று நோக்குங்கள்: இவ்வளவு வாக்குவாதத்திற்கும் நடுவே, தொற்றுக்கு ஆளான அந்த இளைஞரின் நிலை என்னவாக இருந்திருக்கும்? நாடே பார்த்திருந்த ஆட்டம் தன்னால் நின்றது என்ற எண்ணம் அவர் நெஞ்சை அறுத்திராதா?

நம் நாட்டவர் நன்கறிந்த கிரிக்கெட்டிலும் இதே கதைதான். 2021 செப்டம்பர் 10ஆம் நாள் மான்செஸ்டர் நகரில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தொடங்கவிருந்த ஐந்தாம் டெஸ்ட் ஆட்டம், அன்று காலையிலேயே கைவிடப்பட்டது. இந்திய அணியின் பயிற்சிக் குழுவினர் சிலருக்குத் தொற்று. ஆட்டக்காரர்களுக்குச் சோதனையில் தொற்றில்லை என்று வந்தபோதிலும் அச்சம் நீங்கவில்லை. உடனே ஒரு சாரார், பயிற்றுநர் ரவி சாஸ்திரி லண்டன் ஹோட்டலில் நடத்திய நூல் வெளியீட்டு விழாவே காரணம் என்றனர். மற்றொரு சாரார், சில நாட்களில் தொடங்கவிருந்த ஐ.பி.எல். பணமே காரணம் என்றனர். இங்கிலாந்து வாரியத்தின் முதல் அறிக்கையிலேயே இந்தியா ஆட்டத்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறது என்னும் பொருள்பட ஒரு சொல் இருந்தது. சற்று நேரத்தில் அச்சொல் நீக்கப்பட்டது. ஒரு சொல்தானே என்று எண்ண வேண்டாம். விட்டுக்கொடுத்ததாகச் சொன்னால் அது தோல்வி. களமிறங்க இயலவில்லை என்றால் அது நோய். அந்த ஆட்டம் 2022 ஜூலையில் பர்மிங்ஹாமில் நடத்தப்பட்டு, இங்கிலாந்து 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

இச்சொல்லை வாங்க மறுத்த ஒருவரும் வரலாற்றில் உண்டு. 1919ஆம் ஆண்டு, உலகெங்கும் இன்புளுயன்சா கோடிக்கணக்கான உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்த காலம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், பனித்தள ஹாக்கியின் மிக உயர்ந்த பரிசான ஸ்டான்லி கோப்பைக்கு, அந்நகர அணியும் கனடாவின் மாண்ட்ரியால் அணியும் மோதின. இரு அணிகளும் சரிசமமாக நின்ற நிலையில், ஏப்ரல் 1ஆம் நாள் இறுதி ஆட்டத்திற்குச் சில மணி நேரமே இருக்கையில், மாண்ட்ரியால் அணியினர் பலர் காய்ச்சலில் படுத்துவிட்டனர். அவ்வணியின் மேலாளர் கோப்பையை விட்டுக்கொடுக்க முன்வந்தார். சியாட்டில் அணியின் பயிற்றுநர் பீட் மல்டூன் அதை ஏற்கவில்லை! நோயுற்றவர்களிடமிருந்து கோப்பையைப் பெறுவது வெற்றியாகாது என்பது அவர் நிலை. நான்கு நாட்கள் கழித்து மாண்ட்ரியால் ஆட்டக்காரர் ஜோ ஹால் மருத்துவமனையில் இறந்து போனார். பின்னாளில் அக்கோப்பையில் 1919ஆம் ஆண்டுக்குரிய இடத்தில் இரு அணிகளின் பெயர்களும், தொடர் முடிவுறவில்லை என்ற குறிப்பும் பொறிக்கப்பட்டன.

அந்தக் கொள்ளைநோய்க்கு ஸ்பானியக் காய்ச்சல் என்று உலகம் பெயரிட்டது. ஸ்பெயினில் அது பிறந்ததற்குச் சான்றில்லை. முதல் உலகப் போரில் சேராத நாடாதலால், அங்குள்ள பத்திரிகைகள் தணிக்கையின்றி உண்மையை எழுதின. போரிட்ட நாடுகள் மறைத்தன. உண்மையைச் சொன்னவன் தலையில் நோயின் பெயர் ஏறியது! இந்தியாவில் அதையே பம்பாய்க் காய்ச்சல் என்றனர். பழி எப்போதும் ஒரு முகவரியைத் தேடுகிறது.

யார் கொண்டு வந்தது?

யார் முதலில் நோயைக் கொண்டு வந்தார் என்ற வினாவுக்கு, பெரும்பாலான வேளைகளில் விடையே கிடையாது. இது வெறும் ஆறுதல் வார்த்தையன்று. நோய்களின் இயல்பே அப்படி. இன்புளுயன்சா பற்றியவர், தமக்குக் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அதைப் பிறருக்குப் பரப்பக் கூடியவர். சின்னம்மையில் கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பே தொற்று தொடங்கிவிடுகிறது. கொரோனாவில் நோய்க்குறியே தோன்றாதவரும் பரப்புவதுண்டு. அசுத்த நீரால் வரும் மஞ்சள் காமாலையோ, உடலில் புகுந்து சுமார் நான்கு வாரம் கழித்தே வெளிப்படுகிறது. எந்த ஊர்த் தண்ணீர் என்று யார் நினைவுகூர்வார்? டெங்குவை எடுத்துக்கொண்டால் அது மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே தொற்றுவதே இல்லை. இடையில் ஏடிஸ் கொசு வேண்டும். ஆகவே முதலில் படுத்தவன்தான் கொண்டு வந்தவன் என்பது வெறும் யூகம். முதலில் படுத்தவன் முதலில் மறைக்காமல் சொன்னவனாகவும் இருக்கலாமல்லவா?

யாரால் வந்தது என்பதை விட்டுவிட்டு, யாருக்கு என்ன தெரிந்திருந்தது, எப்போது தெரிந்தது, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்கும் வினாக்கள் இவை. 2022ஆம் ஆண்டு நவி மும்பையில் நடந்தது இதற்குத் தக்க சான்று.

மகளிருக்கான ஆசியக் கோப்பைக் கால்பந்தாட்டப் போட்டிகள் அவ்வாண்டு ஜனவரி 20 முதல் இந்தியாவில் நடைபெற்றன. 2003க்குப் பிறகு இந்திய மகளிர் அப்போட்டியில் ஆடுவது அதுவே முதல் முறை. இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன் என நம் தமிழகப் பெண்களும் அணியில் இருந்தனர். காலிறுதி வரை சென்றால், 2023 உலகக் கோப்பைக்கு நுழையும் வாய்ப்பும் கண்முன் தெரிந்தது. முதல் நாள் ஈரானுடன் ஆடிய ஆட்டம் கோலின்றிச் சமனாயிற்று. ஜனவரி 23 அன்று சீன தைபே அணியுடன் ஆட்டம். அன்று பன்னிரண்டு வீராங்கனையருக்குத் தொற்று. வேறு சிலருக்குக் காயம். களமிறங்கக் குறைந்தது 13 பேரின் பெயரைத் தர வேண்டும் என்பது விதி, இந்தியாவால் இயலவில்லை. ஆட்டம் நின்றது. அதோடு முடிந்ததா? இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கொள்ளப்பட்டது. ஈரானுடன் வியர்வை சிந்தி ஆடிய ஆட்டமும் இல்லாததாயிற்று. சொந்த நாட்டில், சொந்த மக்கள் முன், ஓர் இரவில் கலைந்தது அந்தக் கனவு.

அணியின் பயிற்றுநர் ஸ்வீடன் நாட்டவரான தாமஸ் டென்னர்பி, தம் வீராங்கனையர் எவர் மீதும் குறை கூறவில்லை. தங்கியிருந்த விடுதியின் பணியாளர்களிடையே தொற்று இருந்ததையும், அவர்களுக்கான சோதனைகளின் இடைவெளியையும், முடிவுகள் வந்து சேர்ந்த தாமதத்தையும் சுட்டிக்காட்டினார். ‘பயோ பபுள்’ என்னும் பாதுகாப்பு வளையத்தை அமைத்த ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பே பொறுப்பு என்பது அவர் குற்றச்சாட்டு. கூட்டமைப்பு அதை ஏற்கவில்லை. முதல் ஆட்டத்திற்கு முன்பே இந்திய அணியில் இருவருக்குத் தொற்று உறுதியாகியிருந்ததும் உண்மையே. எது முந்தியது என்பதில் தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இங்கே விவாதம் எதைப் பற்றியது? சோதனை எத்தனை நாளுக்கொரு முறை, முடிவு வரும் வரை பணியாளர் எங்கே இருந்தார், மாற்று நாள் ஏன் இல்லை என்பவை பற்றியது. இவற்றுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் அலுவலகங்களில் அமர்ந்திருப்பவர்கள். அறையில் தனித்துப் படுத்திருந்த பெண்கள் விடை சொல்லவேண்டியது ஒன்றுமில்லை. (அந்தப் பணியாளர்களையும் நாம் மறக்கலாகாது. தட்டெடுத்தவரும் அறை துடைத்தவரும் தம் விருப்பப்படியா நோயோடு வேலைக்கு வந்தார்கள்?)

இந்திய மகளிர் மீண்டும் தகுதி பெற மூன்றரை ஆண்டுகள் ஆயின. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று, 2026ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைக்கு அவர்கள் தகுதி பெற்றனர்.

எவர் மீதும் குற்றமே இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் மூடிவிடலாமா? அதுவும் கூடாது. 2021 மே மாதத்தில் பெங்களூரு கால்பந்துக் குழு, ஆசியக் குழுக்களுக்கான போட்டியில் ஆட மாலத்தீவின் தலைநகர் மாலேக்குச் சென்றது. அங்கே நோய் உச்சத்தில் இருந்த நேரம். விருந்தினர்களுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள். அணியைச் சேர்ந்த மூவர் அவற்றை மீறி வீதியில் நடமாடினர். மாலத்தீவின் விளையாட்டுத் துறை அமைச்சர் அகமது மஹ்லூஃப் அச்செயலைக் கண்டித்து, அணியை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. குழுவின் உரிமையாளர் பார்த் ஜிண்டால் மழுப்பவில்லை. மன்னிக்க முடியாத நடத்தை என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அங்கே பழி பொருத்தமான இடத்தில் விழுந்தது. நோய் வந்ததற்காக அன்று. தெரிந்திருந்தும் விதியை மீறியதற்காக. இந்த வேறுபாடு நம் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும்.

நமக்குத் தெரியாததா?

நோயின் பெயரால் பழி சுமத்தப்படுவது எப்படியிருக்கும் என்பதை இச்சமுதாயத்திற்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் டில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தங்கியிருந்தவர்களிடையே தொற்று கண்டறியப்பட்டதும் நிகழ்ந்தவற்றை நாம் மறந்துவிட்டோமா? ஊரடங்கால் போக்குவரத்து நின்றபோது அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். கூட்டத்தை முன்னரே கலைத்திருக்க வேண்டாமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். நம்மவருள்ளும் பலர் அதைக் கேட்டனர். ஆனால் அந்தக் கேள்வியோடு நிற்கவில்லையே! தாடியும் தொப்பியும் நோயின் அடையாளமாயின. காய்கறி விற்கச் சென்ற முஸ்லிம் வியாபாரிகளைத் தெருவுக்குள் விட மறுத்த செய்திகள் வட மாநிலங்களிலிருந்து வந்தன. அதே நேரத்தில், நோயிலிருந்து மீண்ட தப்லீக் அன்பர்கள் முன்பின் அறியாத நோயாளிகளுக்காகப் பிளாஸ்மா வழங்கினார்கள்.

நீதிமன்றங்கள் மெல்லத்தான் பேசின. ஆனால் தெளிவாகப் பேசின. 2020 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், வெளிநாட்டு தப்லீக் அன்பர்கள் 31 பேர் மீதான வழக்கை முடித்துவைத்தார். ஆகஸ்ட் 21ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, 29 வெளிநாட்டினர் மீதும் அவர்களோடு வழக்கில் சேர்க்கப்பட்ட இந்தியர் மீதும் பதியப்பட்ட வழக்குகளை ரத்து செய்தது. கொள்ளைநோய்க் காலத்தில் அரசுகள் பலியாடுகளைத் தேடுவதுண்டு என்றும், இவர்கள் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்றும் தீர்ப்பு கூறியது. டில்லியில், வெளிநாட்டினருக்குத் தங்க இடமளித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட 70 இந்தியர் மீதான 16 வழக்குகளை டில்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது 2025 ஜூலை 17 அன்றுதான். ஐந்தாண்டுகளுக்கு மேல்! பழி சுமத்த ஒரு நாள் போதும். இறக்கிவைக்க அத்தனை ஆண்டுகள்.

இவ்வளவும் பட்ட நாம், நம் மகனின் ஆட்டம் நின்றதென்று மலைக்கிராமத்துப் பிள்ளையைக் காட்டி, “அவனால்தான்” என்று சொல்லலாமா? அவன் பேசும் தமிழின் சாயல் வேறு. அவன் ஊர் நமக்குத் தெரியாது. அவனுக்காகப் பேச அந்த நகரில் உறவினர் இல்லை. பழி ஏற்றுவதற்கு இவை மூன்றும் போதும் என்பதை 2020இல் மறுமுனையில் நின்று கண்டவர்கள் நாம்.

இதில் மற்றுமோர் ஆபத்தும் இருக்கிறது. காய்ச்சல் என்று சொன்னவனைக் குற்றவாளியாக்கினால், அடுத்தவன் சொல்லமாட்டான். மாத்திரை ஒன்றை விழுங்கிக் காய்ச்சலை அடக்கிக்கொண்டு களமிறங்குவான். கிருமி தாக்கிய உடலைக் கடுமையாக ஓடவிட்டால் இதயத் தசையே வீங்கி, உயிருக்கு ஆபத்து நேரலாம் என மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். காய்ச்சலின்போது ஆடக்கூடாது என்பது இதனால்தான்; பிறருக்குத் தொற்றும் என்பது இரண்டாம் காரணமே. ஆகவே உங்கள் வீட்டில் உதிர்க்கும் ஒரு கடுஞ்சொல், எங்கோ ஒரு விடுதி அறையில் ஒரு பிள்ளையின் வாயை அடைக்கிறது.

நம் முன்னோர் இதை எப்படிக் கையாண்டனர்? கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணமாகி ‘ஸர்க்’ என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகப் படைத்தலைவர்கள் வந்து தெரிவித்தனர். போவதா, திரும்புவதா? முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து வேறுபட்டது. அன்ஸாரிகளிடம் கேட்டார்கள், அங்கும் அவ்வாறே. பின்னர் குறைஷி மூத்தவர்களைக் கேட்டபோது திரும்புவதே நலம் என ஒருமுகமாகக் கூறினர். உமர் (ரலி) அவர்கள் திரும்ப முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியதும், ஒரு விதியிலிருந்து இறைவனின் இன்னொரு விதியை நோக்கியே செல்வதாகக் கலீஃபா விடை பகர்ந்ததும் நீங்கள் அறிந்ததே. பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கிருப்பவர் தப்பியோடவும் வேண்டாம் என்னும் நபிமொழியை எடுத்துரைத்தார்கள்.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனித்தோமா? இவ்வளவு ஆலோசனையிலும், நோயை ஷாமுக்குக் கொண்டு வந்தது யார் என்ற பேச்சே எழவில்லை. பயணம் ரத்தாயிற்று, கலந்து பேசி, அதிகாரம் உள்ளவர் முடிவெடுத்து, அம்முடிவின் பொறுப்பைத் தாமே ஏற்றார். மறுத்துப் பேசிய அபூ உபைதா (ரலி) அவர்களை எவரும் இகழவில்லை. அவர்கள் தம் மக்களோடு தங்கி, அந்நோயிலேயே இறப்பெய்தினார்கள். இன்னொரு நபிமொழியும் நினைவுக்கு வருகிறது: காய்ச்சலைத் திட்டிய பெண்மணி ஒருவரிடம், காய்ச்சலைத் திட்ட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். காய்ச்சலையே ஏசக்கூடாதென்றால், காய்ச்சலில் கிடப்பவனை ஏசலாமோ?

இனி நடைமுறைக்கு வருவோம். பந்தயங்கள் தொடங்குமுன் பெற்றோர் கூட்டம் நடக்குமானால், போய்ச் சில கேள்விகளைக் கேளுங்கள். காய்ச்சல் உள்ள மாணவன் யாரிடம் சொல்ல வேண்டும்? ஆட்டத்தை நிறுத்தும் முடிவு உடற்கல்வி ஆசிரியருடையதா, மருத்துவருடையதா? இரு கல்லூரிகளும் உடன்படாவிட்டால் கடைசிச் சொல் யாருடையது? டலஹாசியில் காலை வேளையில் இரு தரப்பு மருத்துவர்கள் மோதிக்கொண்டது, இதை முன்னரே தீர்த்துவைக்காததால்தானே! மாற்று நாள் உண்டா? நோயால் ஆட முடியாத அணிக்கு அது தோல்வியாக எழுதப்படுமா? நோயால் தேர்வைத் தவறவிட்டவனுக்குப் பல்கலைக்கழக அணித் தேர்வில் மறுவாய்ப்பு உண்டா? இவற்றுக்கு எழுத்தில் விடை இருக்குமானால், ஆட்டம் நிற்கும் இரவில் எவர் பெயரும் தெருவில் அடிபடாது.

விடுதியைப் பற்றியும் கேளுங்கள். நோயுற்றவன் தனித்திருக்க ஓர் அறை இருக்கிறதா? ஒவ்வொருவருக்கும் தனிக் குடுவை உண்டா? தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது? மலைமேலுள்ள பெற்றோருக்கு யார் தகவல் சொல்கிறார்? அவர்கள் இறங்கி வந்து சேரும் வரை அந்தப் பிள்ளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது யார்? உங்கள் வீடு கல்லூரிக்கு அருகில் இருந்தால், அந்தக் கடைசிக் கேள்வியைக் கல்லூரியிடம் கேட்காமலே நீங்கள் விடுதிக் காப்பாளரிடம் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வரலாம்.